ஆய்வகப் பட்டயமும் அடகு நகையும்

சென்ற சாரற் பருவத்தில், குற்றாலத்தையடுத்த மேலகரத்தில், நம் இயக்கத் தோழர் ஒருவர் இல்லத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. கூட்டம் முடிந்து திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. தோழரின் துணைவியார் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே எம்மோடு உரையாடினார். அவர்களின் மூத்த மகள் அவ்வாண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பை அரசுப் பள்ளியில் தமிழ்வழியிற் படித்து நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தாள். தோழர் உள்ளே சென்று வழவழப்பான வண்ணத்தாள் ஒன்றை எடுத்துவந்து எம் கையிற் கொடுத்தார். தனியார் கல்லூரி ஒன்றின் விளம்பரம் அது. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம், ஈராண்டுப் படிப்பு, வேலை உறுதி. வெள்ளை மேலங்கி அணிந்த பெண்ணொருத்தி நுண்ணோக்கியின்மேல் குனிந்திருக்கும் படமும் இருந்தது. தாள் முழுவதும் ஆங்கிலம். தமிழ் ஓரெழுத்தும் இல்லை.

"படிச்சு முடிச்சா பிள்ளை கஞ்சி குடிக்குமா ஐயா? அத மட்டுஞ் சொல்லுங்க. கழுத்துல கெடக்கதத்தான் கொண்டு வைக்கணும்" என்றார் அந்த அம்மையார்.

அந்த மேலகரத்திற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியிலே, குறத்தி வசந்தவல்லிக்குக் கைபார்த்துக் குறி சொல்லுவாள். இற்றை நாளில் அக்குறத்தியின் வேலையைக் கல்லூரி விளம்பரங்கள் செய்கின்றன. குறத்தியாவது தமிழிற் சொன்னாள்.

அம்மையாரின் கேள்விக்கு அன்றிரவு யாம் அரைகுறையாகவே விடை சொன்னோம். மொழிப்போர் பற்றி இரண்டு மணிநேரம் தடையின்றிப் பேசிவிட்டு வந்த எமக்கு, ஓர் ஏழைத் தாய் கேட்ட ஒற்றை வினாவிற்குத் தெளிந்த மறுமொழி வாயில் வரவில்லை. அவ்விடையின் மீதியே இவ்வாசிரியவுரை. தமிழ், தமிழ் என்று நாம் முழங்குவதெல்லாம் அவ்வம்மையின் கழுத்து நகைக்கு என்ன சொல்லப் போகின்றது என்பதை நம்மவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில், இத்தொழில் வெறும் விளம்பரப் பொய்யன்று என்பதைச் சொல்லிவிடுகின்றோம். 2012-ஆம் ஆண்டு கோடையில் கடையநல்லூர்ப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் பரவிய நாள்களை அவ்வட்டார மக்கள் மறந்திரார். அந்நோயிற் குருதித் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியத் தொடங்கும். ஆகலின் நோயாளியின் குருதியை அடுத்தடுத்து எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். காய்ச்சல் டெங்குவா, எலிக் காய்ச்சலா, முறைக் காய்ச்சலா என்று மருத்துவர் கண்ணாற் கண்டு சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஊனீரைப் பிரித்து, கண்ணாடிச் சில்லிற் குருதியைப் பரப்பி வண்ணமேற்றிப் பார்த்துச் சொன்ன பின்னரே மருத்துவர் மருந்தெழுதுகின்றார். காசநோய்க்குச் சளியில் நுண்ணுயிரி தேடுவதும், பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளுக்குக் குருதிவகை பார்ப்பதும், மாற்றுக் குருதி ஏற்றுமுன் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பொருத்திப் பார்ப்பதும் அவர் வேலையே. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் உயிர் போகும். சாரல் தொடங்கிவிட்டால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட நாடெங்குமிருந்து மக்கள் திரளும் ஊருக்கு, தேங்கும் மழைநீரும் கொசுவும் மலிந்த ஊருக்கு, இத்தொழிலாளர் வேண்டவே வேண்டும். வெள்ளை மேலங்கிக்குப் பின்னே உண்மையான உழைப்பும் மதிப்பும் உள்ளன.

ஆனால், ஒரு தொழில் நாட்டுக்குத் தேவை என்பதும், அதைக் கற்பவருக்குச் சோறு போடும் என்பதும் வெவ்வேறு செய்திகள். அவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதே விளம்பரக்காரர் சூழ்ச்சி.

எனவே கணக்குக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் கணக்கு விளங்குதற்காக நாமே வைத்துக்கொண்டவை. அவரவர் தம் ஊர்க் கல்லூரி கேட்கும் தொகையை அவ்விடத்திற் போட்டுக்கொள்க. கட்டணம் ஆண்டுக்கு 40,000 உருபா எனின் ஈராண்டுக்கு 80,000. உணவு, உறைவிடம், போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாம் சேர்த்துத் திங்களுக்கு 3,000 எனின் இருபத்துநான்கு திங்களுக்கு 72,000. விளம்பரத்தில் இல்லாத செலவொன்று உண்டு. பெற்றோரும் அதை எண்ணுவதில்லை. அப்பெண் படிக்கப் போகாமல் துணிக்கடையிலோ வேறெங்கோ திங்களுக்கு 7,000 உருபா ஈட்டக் கூடியவளாயின், ஈராண்டில் அவள் ஈட்டாது விட்ட தொகை 1,68,000. ஆக, உண்மைச் செலவு 3,20,000 உருபா. அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டப்படி, அரசுப் பள்ளியிற் படித்த பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா கிடைக்கும். (2024 இறுதியில் அஃது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் படித்த பெண்களுக்கும் விரிக்கப்பட்டது, தமிழ்வழிக்கு அரிதிற் கிடைத்த நன்மைகளுள் அஃதொன்று.) அந்த 24,000 உருபாவைக் கழித்தால் மீதி 2,96,000.

இனி வரவு. படித்து வந்தபின் ஒரு சிறு தனியார் ஆய்வகத்தில் அவளுக்கு 10,000 உருபா தருகின்றார்கள் என்க. படிக்காமலே 7,000 ஈட்டியிருப்பாள். ஆகவே படிப்பின் பயன் திங்களுக்கு 3,000 உருபாவேயன்றிப் பத்தாயிரமன்று. 2,96,000 உருபாவை 3,000-ஆல் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்ப 99 திங்கள், அதாவது எட்டாண்டுக்கு மேல் ஆகும். அடகு வட்டியை இதிற் சேர்க்கவில்லை. 15,000 உருபா ஊதியம் கிடைக்குமாயின் அதே தொகை 37 திங்களில், மூன்றாண்டு சொச்சத்தில் திரும்பிவிடும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகச் சிறிது. அதை விட்டுக் கணக்கிட்டால், குறைந்த ஊதியத்திலும் ஆறாண்டு, நல்ல ஊதியத்தில் 27 திங்கள். ஒரே பட்டயம், ஒரே நுண்ணோக்கி, ஒரே குருதி. ஆயினும் எங்கே படித்தாள், எங்கே வேலைக்குச் சேர்ந்தாள் என்னும் இரண்டும் எட்டாண்டை இரண்டாண்டாக்குகின்றன. இவ்விரண்டைப் பற்றியும் அவ்வண்ணத்தாள் வாய் திறப்பதில்லை.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இப்பட்டயப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியற்பாட மதிப்பெண் கொண்டே இடம் தருகின்றனர். இடங்கள் சில, கேட்போர் பலர். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று; ஆயினும் அதற்கென அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை. அண்மையிலுள்ளது 1965-இல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியே. ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு; செங்கோட்டைத் தொடர்வண்டியில் நாளும் போய்வருதல் இயலாததன்று, எளிதுமன்று. ஒரு மாவட்டத்தை வரைபடத்திற் பிரிப்பது எளிது. அம்மாவட்டத்துப் பிள்ளை வீட்டுச்சோறு உண்டு படிக்கும் கல்லூரியைக் கட்டுவதற்குத்தான் ஆட்சியாளர்க்குக் கை நீளவில்லை. அந்த இடைவெளியிலேதான் தனியார் கடை விரிக்கின்றனர்.

அக்கடைகள் எல்லாம் போலி என்று யாம் சொல்லவில்லை. மருத்துவமனையோடு இணைந்து, நாளும் நூற்றுக்கணக்கான குருதிக் கூறுகளைப் பிள்ளைகள் கையாலேயே ஆய்ந்து பழகச் செய்யும் நல்ல கல்லூரிகளும் உள்ளன. பேருந்து நிலையத்து மாடியில் இரண்டு அறைகளையும் ஒரு பழைய நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு, ஓராண்டிலோ ஆறு திங்களிலோ சான்றிதழ் தருவனவும் உள்ளன. நடுவணரசு 2021-இல் இயற்றிய துணைமருத்துவ, நலத்துறைத் தொழிலர் ஆணையச் சட்டம், பட்டயப் படிப்பென்றால் ஈராண்டு முதல் நான்காண்டுக்குள் 2,000 மணிநேரத்திற்குக் குறையாத பயிற்சி இருத்தல் வேண்டும் என்கின்றது. மாநிலந்தோறும் ஒரு மன்றம் அமைத்துப் பதிவேடு வைக்கவும் சொல்கின்றது. அச்சட்டப் பட்டியலின் முதலிலேயே மருத்துவ ஆய்வகத் துறை நிற்கின்றது. ஆகவே, ஆறு திங்கள் படிப்பிற்கு நகையை அடகு வைப்பவர் நகையையும் இழப்பர், பிள்ளையின் ஆறு திங்களையும் இழப்பர்.

தனியாக ஆய்வகம் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆசை காட்டுவர். ஆய்வறிக்கையில் நோயியல் பயின்ற மருத்துவரே கையொப்பமிடுதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 இறுதியில் உரைத்தது. பின்னர் விதிகள் சற்றே தளர்ந்தபோதும், பட்டயம் மட்டும் பெற்றவர்க்கு அவ்வுரிமை வரவில்லை. மேலும், முன்னெல்லாம் கண்ணாற் கண்டு கையால் எண்ணிய அணுக்களை இன்று தானியங்கிக் கருவி ஓரிரு மணித்துளியில் எண்ணித் தாளில் அடித்துத் தருகின்றது. நால்வர் செய்த வேலைக்கு ஒருவர் போதும் என்றாகும்போது கூலி ஏறாது. கருவி சொல்வது பிழையாயிருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் அறிவுடையவர்க்கே இனி மதிப்பு. அமெரிக்க நாட்டிலும் இதற்கு ஈராண்டுப் பட்டம் ஒன்று, நான்காண்டுப் பட்டம் ஒன்று என இருபடிகள் வைத்து, முதற்படியில் நின்று உழைத்துக்கொண்டே இரண்டாம் படிக்கு ஏற வழி விட்டுள்ளனர். நம் பிள்ளையைச் சேர்க்குமுன், இப்பட்டயத்தின்மேல் பட்டத்திற்கு ஏறும் வழி அக்கல்லூரியில் உண்டா என்று கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னவை பணக் கணக்கு. இனிச் சொல்வது நம் இதழ் சொல்லாவிடின் வேறெவரும் சொல்லாத கணக்கு.

பன்னிரண்டாண்டுகள் தமிழிற் கற்ற அப்பெண், கல்லூரிக்குள் நுழைந்த முதல் நாளே ஊமையாக்கப்படுகின்றாள். பாடநூல் ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம். குருதி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லத் தெரியாது. ஈராண்டில் முதலாண்டு பாடத்தைக் கற்பதிற் போகவில்லை. பாடத்தை மூடியிருக்கும் அயன்மொழித் தோலை உரிப்பதிற் போகின்றது. ஒரு தாளில் தோற்றால் இன்னும் ஆறு திங்கள், இன்னும் ஒரு கட்டணம், ஈட்டாது விட்ட ஊதியம் இன்னும் 42,000. இதுவே ஆங்கிலம் நம் ஏழை வீடுகளில் தண்டும் வரி. செல்வர் வீட்டுப் பிள்ளை இவ்வரியைக் குழந்தைப் பள்ளியிலேயே சிறுகச் சிறுகக் கட்டிவிடுகின்றான். பீடி சுற்றுபவள் மகள் பதினெட்டாம் அகவையில் ஒரே தவணையிற் கட்ட வேண்டியிருக்கின்றது.

'அறிவியற் சொற்கள் தமிழில் இல்லையே' என்பர். செவ்வணு, வெள்ளணு, தட்டணு, ஊனீர், நுண்ணுயிரி, எதிர்ப்பொருள், படிவு, கரைசல் என்பன எம்மொழிச் சொற்கள்? இவற்றுட் பல பள்ளிப் பாடநூலிலேயே அவள் கற்றவை. ஈமோகுளோபின் என்னும் சொல்லை ஆங்கிலச் சொல்லென நம்மவர் மயங்குகின்றனர். முற்பாதி குருதியைக் குறிக்கும் கிரேக்கம், பிற்பாதி உருண்டையைக் குறிக்கும் இலத்தீனம். ஆங்கிலேயன் மகனும் அதை அயற்சொல்லாகவே கற்கின்றான். அவனுக்கு அதைச் சுற்றியுள்ள வினைகள், விளக்கங்கள், வினாக்கள் யாவும் தாய்மொழியில் அமைந்திருப்பதால் அச்சொல் உறுத்துவதில்லை. நாமோ, சொல்லை மட்டுமன்றி 'எடு', 'கலக்கு', 'சூடாக்கு', 'ஐந்து மணித்துளி பொறு' என்பனவற்றையும் ஆங்கிலத்திற் கற்பிக்கின்றோம்! சாய்வாகப் பிடித்த சில்லைக் கொண்டு குருதித் துளியை மெல்லப் பரப்பும் கைத்திறத்தைத் தமிழிற் சொல்லிக்கொடுக்க முடியாது என்பவர், தமிழை அறியார் அல்லது அத்தொழிலை அறியார்.

நெல்லைச் சீமைக்கு இச்சாக்குச் சொல்லும் உரிமை சிறிதும் இல்லை. நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-லேயே கலைச்சொல் தொகுதியை அச்சிட்டு வெளியிட்டது. தமிழ்ச்சொற்களின் வேரைத் தோண்டிக் காட்டிய மொழிஞாயிறு பாவாணர் 1902-இற் பிறந்த சங்கரன்கோவில், இற்றைத் தென்காசி மாவட்டத்துள்ளேயே உள்ளது.

அதற்கும் முன்னே யாழ்ப்பாணத்தை நோக்குக. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்துப் பின் 1860-களில் தமிழுக்கு மாறினார். தாமே தமிழ் கற்று, உடலமைப்பியல், அறுவை, மகப்பேறு, வேதியல் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கச் செய்து அச்சிட்டார். அவர்தம் நூற்பெயர்களில் வடசொல் மலிந்திருந்தமை அக்காலத்துக் குறை. அதற்காக அவர் உழைப்பை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். அவர் தமிழுக்கு மாறிய கரணியம் நமக்கு இன்றியமையாதது. ஆங்கிலத்திற் படித்தவர்கள் அரசு வேலை நாடி ஊரைவிட்டு வெளியேறுவர். தமிழிற் படித்தவர்கள் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு மருத்துவம் செய்வர் என அவர் கருதினார். படிப்பின் பயனை ஊதியத்தால் மட்டும் அளவாமல், படித்தவன் எங்கே நிற்பான் என்பதாலும் அளந்தவர் அவர். புளியரை கடந்து மலையாள நாட்டு மருத்துவமனைகளுக்கும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் நம் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கையில், அவ்வளவுகோல் நமக்கும் வேண்டும்.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தமிழ்வழி வகுப்பைத் திறந்துவிட்டு வேலைக்கு வழி செய்யாவிடின் அதுவும் ஏமாற்றே. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இற் கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின்னர்த் திரும்பப் பெற்றது. மாணவர் குறைந்ததற்குத் தமிழ் கரணியமன்று. தமிழிற் படித்தவனுக்கு வேலை தர ஆளில்லை என்பதே கரணியம். அரசுப் பணிகளில் தமிழ்வழிக் கற்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், பணிக்குரிய கல்வித்தகுதி வரைக்கும் முழுவதும் தமிழிலேயே படித்திருத்தல் வேண்டும் என்றது. இடையில் மட்டும் தமிழிற் படித்துவிட்டு இடம் பிடிப்போரைத் தடுக்க அது தேவையே. ஆனால், பணிக்குரிய படிப்பையே ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு அம்முன்னுரிமையைப் பேசினால், மேலகரத்துப் பெண்ணுக்கு அஃது எங்ஙனம் எட்டும்? பன்னிரண்டாண்டு தமிழிற் படித்தவளை ஈராண்டு ஆங்கிலத்தில் உட்காரவைத்து, 'நீ தமிழ்வழி அல்லள்' என்று சொல்வது என்ன முறை?

எனவே, ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பை அரசு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழியிலும் நடத்துதல் வேண்டும். அவ்வழியிற் கற்றவர்க்கு அரசு மருத்துவமனை ஆய்வகப் பணிகளில் அவ்விருபது விழுக்காட்டை உறுதி செய்தல் வேண்டும். ஆய்வறிக்கை நோயாளிக்குத் தமிழிலும் தரப்படுதல் வேண்டும். தன் குருதியைப் பற்றித் தனக்கே விளங்காத தாளை மடித்து வைத்துக்கொண்டு தெருவில் நிற்பவன், அதை ஆங்கிலத்திற் கேட்டவனல்லன்.

அரசு செய்யும்வரை அப்பெண் என்ன செய்வாள்? ஆங்கில நூலைத் தொடாதே என்று அவளுக்கு யாம் சொல்ல மாட்டோம். அவள் வயிற்றின்மேல் நம் கொள்கையை நிறுத்துவது அறமன்று. முதலில் அரசுக் கல்லூரி இடத்திற்கு விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிடின், மருத்துவமனையோடு இணைந்ததும், அறிந்தேற்கப்பட்டதும், ஈராண்டு முழுமையாக நடத்துவதுமான கல்லூரியை மட்டும் நோக்கட்டும். சேருமுன் தோழர் அக்கல்லூரிக்கு நேரிற் சென்று, முன்னே படித்து முடித்த மூவரையேனும் கண்டு, எங்கே வேலை செய்கின்றனர், எவ்வளவு வாங்குகின்றனர் என்று கேட்டறியட்டும். கல்லூரியார் காட்டும் மூவர் வேண்டா, தாமே தேடிக் கண்ட மூவர். வாங்கும் கடன், அவள் பெறக்கூடிய ஓராண்டு ஊதியத்தை மிஞ்சுமாயின், கல்லூரி எவ்வளவு நல்லதாயினும் அவ்வாண்டு பொறுக்கட்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நடுவணரசின் தொழிலாளர் நலத்துறை தரும் கல்வி உதவியைக் கேட்டுப் பெறட்டும். அம்மையாரின் தொழிலாளர் அடையாள அட்டை அதற்காகவேனும் பெட்டியை விட்டு வெளியே வரட்டும். இவை அமையுமாயின் நகையை வைக்கலாம். அமையாவிடின், கழுத்திலேயே கிடக்கட்டும்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்களுள் அரசு மருத்துவமனை ஆய்வகங்களிற் பணிபுரிவோர் சிலர் உளர். அறிவியல் ஆசிரியர் பலர் உளர். திங்களுக்கு இரண்டு ஞாயிறு கூடுங்கள். முதலாண்டுப் பாடத்தின் சொற்களையும் செய்முறைகளையும் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழெழுத்திற் பக்கத்திற் குறியுங்கள், தேர்வெழுதும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். குருதியியலிலிருந்து தொடங்குங்கள். ஐந்நூறு சொல் சேர்ந்தவுடன் எமக்கு விடுங்கள். அச்சிடும் செலவை இதழ் ஏற்கும். முதற்படி மேலகரத்திற்குப் போகும்.